பூஜ்யம் புள்ளி ஒன்று

காங்கேயம்,
14-3-1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

கலாமணி எழுதுகிறேன். கிளினிக் நேரத்தில் போன் பண்ணாதே, எதுவானாலும் விவரமாகக் கடிதம் எழுது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். பிரவீனாவுக்கு ஆறு மாதம் முடிந்தது. குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். உங்கள் மருமகளுக்கு உங்கள் மூக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன வாரம் கோயமுத்தூர் வந்தபோது எடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்துவிட்டதா? தைராய்டு குறைவு என்று இங்கே டாக்டர் அரங்கசாமி கொடுத்த நூறு மைக்ரோகிராம் மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். அதற்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவேன். இப்போது காலையில் எழுந்து வாசல் தெளிக்க முடிகிறது. ஆனாலும் முழுதாகச் சரியாகவில்லை. குளிர் விடமாட்டேன் என்கிறது. எங்கள் மில்லில் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் களத்தில் உச்சி வெயிலில் போய் நின்றால்தான் உடம்புக்கு இதமாக இருக்கிறது. வேலைக்கு வரும் பெண்கள் சிரிக்கிறார்கள்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டாக்டர் என்பதால் எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு சொட்டுப் பால்கூட வரவில்லை. மாதவிலக்கும் வரவில்லை. புருவம் உதிர்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. நேற்று அத்தை, விருந்துக்கு வந்த ஒறம்பரைகள் முன்னால், "புட்டிப் பாலுல வளர்ற புள்ளைங்க இது. பெத்தவ மாருல ஒண்ணுமில்லீன்னா நாம என்னங்க பண்றது?" என்று சொல்லிச் சிரித்தார்.

உங்கள் வீட்டில் சௌந்தரி நங்கைக்கு என் வணக்கம். அவர்கள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவமான அன்று, நீ பிழைத்ததே பெரிசு என்று நர்ஸ் சொன்னது அடிக்கடி ஞாபகம் வருகிறது. நிறைய ரத்தம் போனதா அண்ணா? நீங்கள் பக்கத்தில் நின்றது மட்டும்தான் நினைவிருக்கிறது.

உங்கள் தங்கை,
கலாமணி


கோயமுத்தூர்,
22-3-1994

அன்புத் தங்கை கலாமணிக்கு,

ரிப்போர்ட் வந்துவிட்டது. உன் டி.எஸ்.எச். 0.1. இருக்க வேண்டியது 0.4 முதல் 4 வரை.

இது உனக்குப் புரிய வேண்டும் என்பதால் எளிமையாக எழுதுகிறேன். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு 'வேலை செய்' என்று அது அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.எச். உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் உத்தரவு கூடும். மிதமிஞ்சிப் போனால் உத்தரவு நின்றுவிடும். உனக்கு ஏறக்குறைய நின்றுவிட்டது. அதாவது நீ சாப்பிடும் மாத்திரை அதிகம். அரங்கசாமி டி-4 என்னும் தைராய்டு ஹார்மோனை மட்டும் பார்த்து மாத்திரை எழுதியிருக்கிறார். அது பழைய காலத்து முறை. நாளை முதல் ஐம்பது மைக்ரோகிராம் போதும். ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடு.

குளிர், தலைசுற்றல், மற்றது எல்லாம் பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு வருவதுதான். ரத்தம் போனதா என்று கேட்டிருந்தாய். எந்தப் பிரசவத்தில்தான் போகவில்லை?

இனிமேல் எழுதும்போது கதை வேண்டாம். எடை, நாடித் துடிப்பு, மாத்திரை அளவு, இந்த மூன்றும் போதும்.

அன்புடன்,
ரங்கராஜ்


காங்கேயம்,
9-5-1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

எடை அறுபத்தொன்று. நாடி ஐம்பத்தாறு. மாத்திரை ஐம்பது. நீங்கள் கேட்ட மூன்றையும் எழுதிவிட்டேன். இனி எனக்கு நடப்பதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையைக் குறைத்த பத்தாம் நாளே பழைய தூக்கம் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை பிரவீனாவுக்குப் பால் காய்ச்ச அடுப்பில் வைத்துவிட்டு நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, புகை கூடம்வரை வந்தபிறகுதான் அத்தை வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். கன்னத்திலும் ஒன்று வைத்தார். குழந்தை பசியில் அழுதது எனக்குக் கேட்கவே இல்லை அண்ணா.

குரல் கட்டிப்போய்விட்டது. அவர், "ஆம்பளைக் குரல்ல பேசறியே, சித்த நேரம் பேசாம இரு" என்கிறார். சித்திரை வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை அதிகமானால் உடம்பு இளைக்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும் என்று டாக்டர் அரங்கசாமி சொன்னார். எனக்கு எல்லாமே தலைகீழாக இருக்கிறதே? நூறு சாப்பிட்டபோது கொஞ்சமாவது மனுஷியாக இருந்தேன். மறுபடியும் நூறு சாப்பிடட்டுமா? சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொன்னீர்கள். நேற்றுத் திருப்பூர் போய்க் கொடுத்துவிட்டேன். ரிப்போர்ட் உங்களுக்கே வந்துவிடும்.

கலாமணி


கோயமுத்தூர்,
30-5-1994

கலாமணிக்கு,

மறுபடியும் 0.1. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தும் எண் அசையவில்லை. இதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். எனக்குத் தெரியாமல் நீ கூடுதலாகச் சாப்பிடுகிறாய். அரங்கசாமியிடம் போய் நூறு வாங்கிக்கொள்கிறாயா?

நாடி ஐம்பத்தாறு என்று எழுதியிருக்கிறாய். நீயே எண்ணிப் பார்த்தது, தப்பாகத்தான் இருக்கும். குளிர், தூக்கம், குரல் என்று நீ சொல்வதெல்லாம் ஹார்மோன் குறைவின் அறிகுறிகள். ஏதோ புத்தகத்தில் படித்ததுபோல ஒன்றுவிடாமல் எழுதுகிறாய். ரத்தம் வேறு சொல்கிறது. நீ சொல்வதும் ரத்தம் சொல்வதும் ஒத்துப்போகாதபோது நான் ரத்தத்தைத்தான் நம்பவேண்டும். அதற்கு அண்ணன் கிடையாது, தங்கை கிடையாது.

இனி இருபத்தைந்து. நம் அம்மாவும் இப்படித்தான் வேலை வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். உனக்கு நினைவிருக்கும்.

உன் வீட்டுக்காரர் கதிர்வேலுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். அவரும் ஒரு மில்லை நடத்துகிறவர். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

ரங்கராஜ்


காங்கேயம்,
8-8-1994

அண்ணா,

எழுத உட்கார்ந்தால் எதற்கு உட்கார்ந்தேன் என்று மறந்துவிடுகிறது. இது மூன்றாவது தாள்.

உங்கள் கடிதத்தை அவர் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். சத்தமாகப் படித்தார். அத்தை இருந்தார். கணக்குப்பிள்ளையும் இருந்தார். உடம்பில் நோய் எதுவும் இல்லை. சோம்பலும் மனக்கோளாறும்தான். கண்டிப்பாக நடத்துங்கள். இப்படி எழுதியிருந்தது. நீங்கள் எழுதியதுதானா அண்ணா? மேலே உங்கள் பெயர் அச்சடித்த லெட்டர் தலைப்பு இருந்தது.

அத்தை சொன்னார், "உன்ற அண்ணனே எழுதிப்போட்டாரு. இனி யாருகிட்ட போய் நடிப்ப?"

குழந்தையின் தொட்டிலை அத்தை அறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே போனால், வேண்டாம், கையில் வாங்கித் தூங்கி விழுந்து போட்டுவிடுவாய் என்கிறார்கள். அது உண்மைதான். ஒருநாள் போட்டுவிட்டேன். மெத்தையில்தான் விழுந்தாள். மெத்தையில்தான்.

இருபத்தைந்து சாப்பிடுகிறேன். கூட எதுவும் சாப்பிடவில்லை. அட்டையை உங்களுக்கு அனுப்பட்டுமா, எண்ணிப் பார்க்கிறீர்களா?

நான் பொய் சொல்லவில்லை.

அண்ணா, பிரசவத்தன்று நிறைய ரத்தம் போனதா? இதை முன்னாலேயே கேட்டேனா?

கலாமணி


கோயமுத்தூர்,
16-8-1994

கலாமணிக்கு,

இரண்டாம் முறையாகக் கேட்கிறாய். இனிக் கேட்காதே. உன் நங்கை பத்து வருஷமாக ராப்பகலாய் உழைத்துச் சம்பாதித்த பெயர் அந்த ஆஸ்பத்திரிக்கு இருக்கிறது. கூடப் பிறந்தவள் வாயாலேயே அதற்குக் களங்கம் வர வேண்டாம்.

இந்த மாதமும் ரிப்போர்ட் அதேதான். மாத்திரையை அடியோடு நிறுத்திவிடு. உனக்குத் தைராய்டு நோயே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். உன் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்தாலே மனநிலை தெரிகிறது. இங்கே ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எழுதி வாங்கிக் கதிர்வேலுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் கொடுப்பதைச் சாப்பிடு.

குழந்தையை உன் மாமியார் பார்த்துக்கொள்வது நல்லதுதான். அவளைக் கீழே போட்டவள் நீ என்பதை நினைவில் வை.

இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

ரங்கராஜ்


கோயமுத்தூர், அரசு ஆஸ்பத்திரி,
11-1-1995

அண்ணாவுக்கு,

பிரிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இதைப் பிரிப்பீர்கள். உறையின் பின்புறம் பார்த்தால் எந்த வார்டிலிருந்து வருகிறது என்று தெரியும்.

நான் உயிரோடு இருக்கிறேன். கையெழுத்து நேராக வருகிறது, பாருங்கள்.

மார்கழி முதல் வாரம் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள் மதியம் நான் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லையாம். அவர் மில் வேனை வரவழைத்து, டிரைவர் முஸ்தபாவிடம், "இவங்க அண்ணன் ஊட்டுலயே கொண்டுபோய் உட்டுரு. டாக்டர்தான, அவரே பாத்துக்கட்டும்" என்று சொல்லி என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தியிருக்கிறார். முஸ்தபா உங்கள் வீட்டு வாசலில் வந்து மணியடித்திருக்கிறார். கம்பவுண்டர் வெளியே வந்து, சார் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். முஸ்தபா என்னிடம் பிறகு சொன்னார்: "சாரோட கார் போர்டிகோவுலதானுங்கம்மா நின்னுச்சு. மாடியில சன்னல் திரை ஒதுங்குச்சு. நான் பாத்துப்போட்டுத்தான் வண்டியத் திருப்புனேன்." அவர்தான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பேரைப் பதிவு செய்யும் இடத்தில் உறவு என்று கேட்டதற்குத் தன்னையே அண்ணன் என்று எழுதியிருக்கிறார்.

இங்கே ரிஃபானா என்று ஒரு டாக்டர். சின்ன வயது. நான் கண்ணைத் திறந்த அன்று என் கட்டிலில் உட்கார்ந்து இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார். "பிரசவத்தப்ப ரத்தம் நெறையா போச்சுங்களா? பொறவு பால் வந்துச்சுங்களா?"

நான் அழுதேன். ஒன்றரை வருஷத்தில் இதை யாருமே கேட்கவில்லை, நானாகச் சொன்னபோதும் காதில் வாங்கவில்லை என்றேன்.

ரத்தம் அளவுக்கு மீறிப் போய், உடனே ஏற்றாமலும் விட்டால், நீங்கள் எழுதினீர்களே மூளைக்கடியில் உத்தரவு போடும் சுரப்பி, அது செத்துப்போகுமாம். அப்புறம் பால் வராது, விலக்கு வராது, தைராய்டுக்கு உத்தரவும் வராது. என் உத்தரவு குறைவாக இருந்தது ஹார்மோன் அதிகமானதால் அல்ல. உத்தரவு போட ஆளே இல்லாததால். ரிஃபானா சொன்னார், "ஆபீசர் செத்துப்போன ஆபீஸ்ல இருந்து கடுதாசி வரலீன்னா, வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சுன்னா அர்த்தம்?" இந்த நோயில் டி.எஸ்.எச்.ஐ வைத்து மாத்திரையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதாம். டி-4 பார்க்கவேண்டும், ஆளைப் பார்க்கவேண்டும். ஐந்துக்கு மேல் இருக்கவேண்டிய டி-4 எனக்கு ஒன்றுகூட இல்லை.

முதலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அது உடம்பில் ஏறியபிறகுதான் தைராய்டு மாத்திரையை ஆரம்பித்தார்கள். இரண்டும் இனி சாகும்வரை. இன்னொரு குழந்தை இருக்காது.

நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்குத் தெரியாமல்தான் இப்படி நடந்ததா? என் பிரசவக் கேஸ் ஷீட்டைக் கொடுங்கள்.

கலாமணி


கோயமுத்தூர்,
20-1-1995

அன்புத் தங்கை கலாமணிக்கு,

உன் உடம்பு தேறியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்ல முடியாது. அன்று நான் உண்மையிலேயே ஊரில் இல்லை. டிரைவர்கள் பேச்சை வைத்து அண்ணனைச் சந்தேகிக்கும் நிலைக்கு வந்துவிட்டாயே என்பதுதான் வருத்தம்.

அந்த டாக்டர் பெண் படிப்பை முடித்து எத்தனை வருஷம் ஆகிறது? அவர் சொல்லும் நோய் மிக அபூர்வமானது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாத்திரை சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய், அது போதாதா? யாரால், எதனால் என்று தோண்டி என்ன செய்யப்போகிறாய்?

கேஸ் ஷீட் கிடைக்கவில்லை. போன வருஷம் வெள்ளையடித்தபோது பழைய காகிதங்கள் பலதும் போய்விட்டன.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக நம் வீட்டுக்கு வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் நங்கையிடம் இதைப் பற்றியெல்லாம் பேசவேண்டாம். அன்று பிரசவம் பார்த்த டாக்டர் அவள்தான் என்பதால் கேட்கிறேன். உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவள் பெயர்தான் கெடும்.

அன்புடன்,
அண்ணன்


போத்தனூர்,
27-2-1995

அண்ணாவுக்கு,

நான் உங்கள் மாடி அறைக்கு வரவில்லை. இங்கே ரிஃபானாவின் பெரியம்மா வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன்.

நங்கையிடம் பேசவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே போனேன். இத்தனை நாளும் அவர்களைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் கைதவறி என்னைக் கெடுத்துவிட்டார்கள், நீங்கள் பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன்.

நான் சொன்னதைக் கேட்டு நங்கை முதலில் நம்பவில்லை. "மூணு மணிக்குத்தான் அம்மணி ரத்தம் போக ஆரம்பிச்சுது. போன் வந்ததும் நான் அன்னூர்ல இருந்து கிளம்பிட்டேன். எங்கப்பாவோட மணிவிழாவுல பந்தியில உக்காந்திருந்தவ, எலையில கை கழுவிட்டு ஓடியாந்தேன்" என்றார்கள். கேஸ் ஷீட்டை எடுத்தார்கள். வெள்ளையடித்ததில் போகவில்லை அண்ணா, அலமாரியில்தான் இருந்தது. அதில் உங்கள் கையெழுத்தில் மூன்று மணி என்றுதான் இருக்கிறது.

பிறகு நங்கையே எழுந்துபோய்ப் பழைய டூட்டி நோட்டுகளைத் தேடினார்கள். நர்ஸ்கள் தங்களுக்காக எழுதிவைக்கும் நோட்டு. அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். செப்டம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தை நங்கை வாய்விட்டுப் படித்தார்கள். பதினொன்று பத்துக்கு ரத்தப்போக்கு அதிகம். பதினொன்று நாற்பதுக்கு டாக்டரம்மாவுக்கு போன் பண்ணலாமா என்று கேட்டேன், சார் வேண்டாம் என்றார். பன்னிரண்டரைக்கு ரத்தம் வாங்கி வரச் சொல்லலாமா என்று கேட்டேன், சார் பொறுக்கச் சொன்னார். ஒன்றரைக்கு பி.பி. கிடைக்கவில்லை.

நங்கை அந்த நோட்டை மூடவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "நாலு மணி நேரம். எங்கிட்ட வந்து, உன் கைராசிதான் புள்ளையக் காப்பாத்துச்சுன்னு சொன்னாரு" என்றார்கள். 

காங்கேயத்தில் அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். மூளை சரியில்லாதவள் என்று டாக்டர் அண்ணனே எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் காட்டுகிறார்கள். நடந்ததை நடந்தபடி அவருக்கு எழுதுங்கள். எனக்கு என் குழந்தை வேண்டும்.

கலாமணி


கோயமுத்தூர்,
19-3-1995

கலா,

கதிர்வேலுக்கு எழுதிவிட்டேன். உனக்குத் தைராய்டுக் கோளாறு இருந்தது, சிகிச்சையில் குணமாகிவிட்டது, இனிக் குடும்பம் நடத்தத் தடையில்லை என்று எழுதியிருக்கிறேன். அதற்குமேல் அவருக்குத் தேவையில்லை.

உனக்கு மட்டும் இதை எழுதுகிறேன். படித்ததும் கொளுத்திவிடு.

சௌந்தரியின் அப்பா வீட்டில் என்னை எப்படி நடத்தினார்கள் என்று உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி அவர்கள் கட்டிக்கொடுத்தது. டாக்டரம்மா ஆஸ்பத்திரி என்றுதான் பெயர், நானும் டாக்டர்தான் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. மணிவிழாவுக்குப் போகாமல் உன் பிரசவத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு இருந்தேன். ரத்தம் போக ஆரம்பித்ததும் போன் பண்ணியிருந்தால், பந்தி நடுவில் அவளுடைய அண்ணன்மார் முன்னால், 'மாப்பிள்ளைக்கு ஒரு பிரசவம் பார்க்கத் தெரியவில்லை' என்று ஆகிவிடும். இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று நின்றேன்.

உனக்குப் பால் வரவில்லை என்று நீ எழுதிய முதல் கடிதத்தைப் படித்தபோதே அந்த நோயின் பெயர் நினைவுக்கு வந்தது. எம்.டி. பரீட்சையில் அதே கேள்விக்கு நான் விடை எழுதியிருக்கிறேன். அப்போதே ஒரு டி-4 பார்த்திருந்தால் போதும். பார்த்தால் ஏன் வந்தது என்று எழுதவேண்டி வரும். டி.எஸ்.எச். 0.1 என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரையைக் குறைக்க அது போதுமான காரணம். எந்த டாக்டர் பார்த்தாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டேன். சில மாதம் போனபிறகு நீ பொய்தான் சொல்கிறாய் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

மார்கழியில் நான் வீட்டில்தான் இருந்தேன். வேன் திரும்பிப் போவதைப் பார்த்தேன்.

சௌந்தரி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு நீயாவது வேண்டும்.

அண்ணன்


போத்தனூர்,
2-6-1995

அண்ணாவுக்கு,

கொளுத்தவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காங்கேயம் போனேன்.

மில் ஆபீசில்தான் அவரைப் பார்த்தேன். வீட்டுக்குள் விடவில்லை. உங்கள் கடிதத்தை அவர் முழுதும் படித்தார். நடுவில் ஒரு லாரிக்காரர் வந்தார், அவரிடம் பேசி அனுப்பிவிட்டு மறுபடியும் விட்ட இடத்திலிருந்து படித்தார். பிறகு நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"உன்ற மேல தப்பில்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும் கலா," என்றார். "அடுப்படியில நின்னமேனிக்கே தூங்குறவ நடிக்கிறாளா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? ஆனா இனிக் குழந்தை இல்லீன்னு ஆயிருச்சு. மில்லுக்கு ஒரு பையன் வேணுமல்ல? உங்கண்ணன் மொதல்ல எழுதுன லெட்டர் எனக்குப் போதும். அது டாக்டர் சீட்டு. சபையில காட்டுனா யாரும் மறுத்துப் பேசமாட்டாங்க. இது எனக்கு வேண்டாம்."

நீங்கள் உண்மையை எழுதினால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன். அவருக்கு உண்மை முன்னாலேயே தெரியும். உங்களிடமிருந்து அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பொய். அதைத்தான் கேட்காமலேயே, லெட்டர் தலைப்பில் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களே.

அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் காட்டினார். நான் கையை நீட்டினேன். பிரவீனா முகத்தைத் திருப்பி அவர் தோளில் புதைத்துக்கொண்டாள்.

கேஸ் போடலாம் என்கிறார் ரிஃபானா. வருஷக்கணக்கில் ஆகுமாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க விட்டால் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு நீயாவது வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேண்டாம் அண்ணா உங்களுக்கு. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி வேண்டும். அது என்னிடம் இல்லை.

கலாமணி


கோயமுத்தூர்,
4-8-1997

அன்புத் தங்கை கலாமணிக்கு,

இரண்டு வருஷமாக ஒன்பது கடிதம் போட்டும் பதில் இல்லை. இதற்காவது பதில் போடு.

என் பெண் ரித்திகா பெரியவளாகிவிட்டாள். வருகிற 24-ம் தேதி மண்டபத்தில் சீர் வைத்திருக்கிறோம். ஒறம்பரை எல்லோரும் வருகிறார்கள். டாக்டர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். கூடப் பிறந்தவள் ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அதைவிட முக்கியம், கலாமணி வந்து சபையில் உட்கார்ந்தால்தான் நானும் வந்து நிற்பேன் என்று சௌந்தரி சொல்லிவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அத்தை முறைக்கு முதல் தண்ணீர் நீதான் ஊற்றவேண்டும். ஆனால் நீ வாழாமல் இருப்பதால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன். நீ வந்து உட்கார்ந்திருந்தால் போதும். பட்டுப்புடவை ஒன்று கொடுத்தனுப்புகிறேன்.

நம் குடும்பத்தின் மானம் உன் கையில் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்


போத்தனூர்,
9-8-1997

அண்ணாவுக்கு,

கடிதமும் புடவையும் வந்தன. நல்ல அரக்குச் சிவப்பு.

நான் இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாரத்தில் நாலைந்து சீட்டு உங்கள் கையெழுத்தில் வருகிறது. டி.எஸ்.எச். என்று மட்டும் இருக்கும். முக்கால்வாசிப் பேருக்கு அது ஒன்றே போதும் என்று ரிஃபானா சொல்கிறார். இருந்தாலும் பெண்கள் சீட்டை நீட்டும்போது, குழந்தை பிறந்தபிறகு பால் வந்ததா என்று கேட்டுவிடுகிறேன். அது என் வேலை இல்லை என்று முதலாளி இரண்டு முறை சொல்லிவிட்டார்.

என் மாத்திரை இப்போது எழுபத்தைந்து. டி-4 சரியாக இருந்தும் மதியத்தில் கை சில்லிட்டுப் போகிறது என்றேன். ஸ்டீராய்டை வேளை மாற்றிக் கொடுத்துப் பார்க்கிறார் ரிஃபானா. ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுப்பார், எப்படி இருக்கிறது என்றும் கேட்பார்.

பிரவீனாவுக்கு நாலு வயதாகப் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அவருடைய புது மனைவியை அம்மா என்கிறாள். என்னைக் கோயமுத்தூர் அம்மா என்கிறாள். உனக்கு என்ன நோவு என்று கேட்டாள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். சாப்பிட்டால் போய்விடுமா என்றாள். போகாது, சாப்பிடாவிட்டால் நான்தான் போய்விடுவேன் என்றேன். சிரித்தாள்.

24-ம் தேதி வருகிறேன். நங்கை கேட்டதற்காகவும் ரித்திகாவுக்காகவும் வருகிறேன். தண்ணீர் ஊற்ற வரமாட்டேன், நீங்கள் பயப்படவேண்டாம். சபையில் முன்வரிசையில் உங்கள் புடவையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன்.

நானாக யாரிடமும் எதையும் சொல்லமாட்டேன். ஆனால் நம் ஒறம்பரையைப் பற்றி உங்களுக்கே தெரியும். அத்தைக்காரி இங்கே உட்கார்ந்திருக்க, தண்ணீர் ஊற்றுவது வேறு ஒருத்தியா என்று யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனம்மணி, நீ ஏன் ஊத்துல?" என்று கேட்பார்கள். வாழாதவள் என்றால், ஏன் வாழவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் சொன்னால், என்ன நோவு, எதனால் வந்தது என்று கேட்பார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு டாக்டரும் இருக்கலாம்.

கேட்பவர்களுக்குப் பதில் சொல்வேன். நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் எப்படி உண்மையைச் சொன்னேனோ அப்படியே சொல்வேன். யார் கேட்பார்கள், எப்போது கேட்பார்கள், கேட்பார்களா மாட்டார்களா என்பது எனக்கும் தெரியாது. மாலை போடும்போதும் பந்தி பரிமாறும்போதும் ஒருவர் விடாமல் வணக்கம் சொல்லி வழியனுப்பும்போதும் நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காலை பத்து மணிக்கு வந்துவிடுவேன். கடைசி ஆள் போகும்வரை இருப்பேன்.

கலாமணி